கூரைமேல் ஏறிய அது

எங்கள் ஊர் முல்லாபினில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர் எதற்கும் அஞ்சாதவர். ஆனால் க்ளெனிஸ் பாஸ்கோ கடைக்குள் நுழைந்தால் அவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்வாங்குவார். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினெட்டு வகை இறைச்சியைப் பெயர்ச்சீட்டு குத்தி அடுக்கி வைத்திருக்க, இந்த அம்மாள் விரலை நீட்டி, "அதுல ஆறு குடு" என்பார்.

"எதுல க்ளெனிஸ்? சாப்ஸா, சாசேஜா?"

"நீ அதுக்கு ஒரு பேரு வச்சிருக்க," என்பார் க்ளெனிஸ், மிகுந்த பரிவோடு.

அதற்குமேல் அந்த மனிதர் என்ன செய்வார்? இரண்டிலும் மும்மூன்று கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இது திமிர் அல்ல, தொழில். க்ளெனிஸ் குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியாக மனவைத்தியம் செய்பவர். அவருடைய அறையில் உள்ள எந்தப் பொம்மைக்கும், குழந்தை வைக்கும் வரை, பெயர் கிடையாது. நமக்கு மரத்தால் செய்த வாழைப்பழம் போலத் தெரிவது ஒரு பிள்ளைக்குத் தொலைபேசியாக இருக்கலாம், துப்பாக்கியாக இருக்கலாம், தலைமையாசிரியராகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் "ஓ, வாழைப்பழமா!" என்று கூவிவிட்டால் தலைமையாசிரியர் அந்த நிமிடமே வாழைப்பழம் ஆகிவிடுவார், குழந்தை சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே எல்லாமே 'அது'. கேள்வி கேட்கக் கூடாது. பாராட்டக் கூடாது, "சமத்து" என்பது அந்த அறையில் கெட்டவார்த்தை. பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். "அதை எடுத்த. அதை அங்க வச்ச. அது விழுந்துருச்சு." இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதை முல்லாபின் நம்புவதற்கு மூன்று வருடம் பிடித்தது.

வீட்டில் இதன் பலனை அனுபவித்தவர் அவருடைய கணவர் டெஸ். சாலை போடும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர், சத்தத்துக்குப் பழகியவர். ஆனால் இதற்குப் பழக அவருக்கும் நாளாயிற்று.

"சாப்ஸ் கருகிப்போச்சு க்ளெனிஸ்."

"சாப்ஸ் கருகினதுல உனக்கு வருத்தம்."

"வருத்தமெல்லாம் இல்ல. பசி."

"பசிதான்னு நான் புரிஞ்சுக்கணும்னு நெனைக்கிற."

டெஸ் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் நாயோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நாய் குறைந்தபட்சம் சாப்ஸைச் சாப்ஸ் என்று மதித்தது.

க்ளெனிஸ் பிறக்கும்போதே இப்படி இல்லை. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். வழியெல்லாம் பால்பண்ணை, ஐம்பது பிள்ளைகள், தலைக்குமேல் ஓர் அகலமான கண்ணாடி. சாலையைவிடக் கண்ணாடியை அதிகம் பார்த்தார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு புகாரே உண்டு. எவன் மதியச் சாப்பாட்டைக் காலை எட்டுக்கே தின்கிறான், எவள் வெயில்காலத்திலும் முழுக்கைச் சட்டையைச் சுருட்டுவதில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் "என்ன கண்ணு, என்னாச்சு?" என்று கேட்டால் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது. ஒருநாள் பின்னிருக்கையில் ஒரு பையன் இரண்டு பென்சில்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றின் தலையில் அடித்து, முந்தின நாள் வீட்டில் நடந்த சண்டையை ஒரு வார்த்தை பிசகாமல் நடத்திக் காட்டினான். பேருந்து ஓரமாக நின்றது. என்ஜின் கோளாறு என்று க்ளெனிஸ் எழுதிக் கொடுத்தார். அன்றிரவே தபால்வழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டார்.

பேருந்தையும் ஓட்டி, ஒன்பது வருடம் படித்தார். பயிற்சிக்காக எடுத்த முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு மெல்போர்ன் ஆசிரியை சொன்னாராம்: "நாப்பது நிமிஷத்துல முப்பத்தோரு தடவ 'சமத்து'ன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் குழந்தை பாத்ரூம் போகணும்னு கேட்டதுக்கும்." அன்றிலிருந்து க்ளெனிஸ் வாயைக் கட்டினார். கட்டியது கட்டியதுதான், கடைத்தெருவிலும் அவிழ்க்கவில்லை.

படிப்பு முடிந்தது, அறை வேண்டும். காலியாக இருந்தது பௌல்ஸ் க்ளப்பின் பின்னறை ஒன்றுதான். பௌல்ஸ் என்பது வெள்ளை உடுப்புப் போட்ட பெரியவர்கள் புல்தரையில் பந்தை உருட்டிவிட்டு, அது நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்டம். க்ளப்பின் தலைவர் நெவில் ஹார்க்னஸ். அந்த மனிதர் தூக்கத்தில் பேசினாலும் விதி எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்.

"விதி பதினாலு, உட்பிரிவு மூணு," என்றார் நெவில். "க்ளப் எல்லைக்குள்ள விளையாடுறவங்க எல்லாரும் வெள்ளை உடுப்புப் போடணும்."

"ஆறு வயசுப் புள்ளைங்க, நெவில். மண்ணுல விளையாடுங்க."

"அப்ப அது விளையாட்டு. ஒத்துக்கிற."

"வைத்தியம்."

"விளையாட்டுன்னா வெள்ளை உடுப்பு. வைத்தியம்னா டாக்டர் பலகை மாட்டணும். ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும்தான்."

நிர்வாகக் குழு மூன்று கூட்டம் போட்டது. சாண்ட்விச் தீரும் வரை விவாதித்தது. கடைசியில் நிறைவேறிய தீர்மானம் இன்றைக்கும் குறிப்பேட்டில் இருக்கிறது: மேற்படி அறை ஒரு சாமான் அறை; க்ளெனிஸ் பாஸ்கோ அதன் காப்பாளர்; வந்து போகும் குழந்தைகள் சரக்குச் சரிபார்ப்பவர்கள். அப்படியாக எங்கள் ஊரில் மனம் நொந்த பிள்ளைகள் எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறை சரக்குச் சரிபார்க்கப் போனார்கள்.

போன வருடம் மார்ச் மாதம் எங்கள் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்தது, மூன்று நாள் இருந்தது, போனது, போகும்போது எங்களுடையதை நிறைய எடுத்துக்கொண்டு போனது. ஆனால் தண்ணீர் வடிகையில் யாரோ எடுத்த ஒரு புகைப்படம் ஊரின் தலையெழுத்தையே மாற்றியது. பௌல்ஸ் க்ளப் கூரைமேல் ஒரு மாடு. நடுவில் நின்றுகொண்டு, நிர்வாகக் குழு உறுப்பினர் முகத்தோடு, கீழே பார்த்துக்கொண்டிருந்தது. சிட்னிப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. ஊர் அந்த மாட்டைப் பற்றிக்கொண்டது. பாத்திரம் துடைக்கும் துண்டில் மாடு, பீர்க் குவளையில் மாடு, கூரைமேல் மாடு போலக் கேக். இந்த நாட்டில் ஒவ்வோர் ஊரும் எதையாவது பிரம்மாண்டமாகச் செய்து நெடுஞ்சாலையோரம் நிறுத்தி வைக்கும். பழமோ, இறாலோ, ஆடோ. எங்களுக்கென்று ஒன்றும் இல்லை. நெவில் எழுந்து நின்று, கண்ணாடி இழையில் ஒரு பெரிய மாடு செய்து க்ளப் கூரையிலேயே ஏற்ற வேண்டும் என்று முன்மொழிந்தார். எவரும் எதிர்த்துப் பேசவில்லை. க்ளப் வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றே.

இந்த மாட்டுப் பைத்தியம் உச்சத்தில் இருந்த ஜூலை மாதம்தான் டேன் விக்கரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு க்ளெனிஸிடம் வந்தான்.

டேன் ஆற்றங்கரைப் பால்பண்ணைக்காரன். நூற்றுப் பன்னிரண்டு மாடுகளை ஆற்றுக்குக் கொடுத்தவன். மகள் மார்லிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை. முதுகில் ஒரு பச்சைப் பை. அந்தப் பையை அவள் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும் இல்லை, தூங்கும்போதும் இல்லை.

"பை கூடப் பரவாயில்ல," என்றான் டேன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே. "நான் அவ கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும், க்ளெனிஸ். பள்ளிக்கூட வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நாள் முச்சூடும் உக்காந்திருக்கேன். டீச்சரு அவளுக்கு ஜன்னலோரமா எடம் குடுத்திருக்காங்க. ஒருநாள் டீசல் போட இருபது நிமிஷம் போயிட்டு வந்தேன். அதுக்குள்ள என்னைத் தேடி ஹைவே வரைக்கும் நடந்துட்டா."

"அவங்கம்மா?"

"அவங்கம்மா ஜோடிக்கு ஆஸ்பத்திரில ஷிஃப்டு வேலை. அம்மா போனா டாட்டா காட்டுறா. நான்தான் அசையக் கூடாது." அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். "செப்டம்பர் கடைசில புது மாடு நாப்பது வருது. விடியறதுக்கு முன்னாடி ஒரு கறவை, மூணு மணிக்கு ஒரு கறவை. வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு மாடு கறக்க முடியாது. அதுக்குள்ள இவ சரியாகலன்னா பண்ணைய வித்துட வேண்டியதுதான். எங்க தாத்தா காடு வெட்டித் திருத்தின நெலம்."

"அவளுக்கு எதனாலன்னு நெனைக்கிற?"

"கன்னுக்குட்டி. பிஸ்கட்னு பேரு. புட்டியில பால் குடுத்து வளத்தா. அது போயிருச்சு. புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், திரும்பிக்கூடப் பாக்கல."

க்ளெனிஸ் நாற்பது மாடு வரும் தேதியை மனதில் முடிந்துகொண்டார்.

முதல் நாள் மார்லி அறைக்குள் வந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கியது. வெளியே புல்தரையோரம் இருந்த பெஞ்சில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தான். அவன் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மணல் தொட்டிப் பக்கம் வந்தாள்.

"அது தொறந்தே இருக்கணும்னு நெனைக்கிற," என்றார் க்ளெனிஸ்.

மார்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பஸ் ஓட்டின க்ளெனிஸ்தானே? ஏன் இப்பிடிப் பேசுற?"

"நான் பேசுறது விசித்திரமா இருக்கு ஒனக்கு."

"ம்," என்று சொல்லிவிட்டு அவள் மணலில் கைவைத்தாள்.

அன்றும், அதற்கடுத்த ஐந்து வாரமும் ஒரே ஆட்டம். மணலுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. குவளையால் தண்ணீர். வீட்டின் கூரையில், அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து எடுத்த, நாலு கால் கொண்ட பழுப்பு நிறப் பிளாஸ்டிக் ஒன்று. கூரையில் வைத்தபின் தண்ணீரில் வேலிக்கட்டை, வாளி, மரம், ஒரு படகு எல்லாம் மிதந்து போகும். எதுவும் கூரைப் பக்கம் நிற்காது. மார்லி ஒரு கையால் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். நேரம் முடியும். அவ்வளவுதான்.

"அது மேல இருக்கு," என்பார் க்ளெனிஸ். "எல்லாம் போகுது. அது மட்டும் அங்கேயே இருக்கு."

மார்லி தலையை ஆட்டுவாள். ஆறாவது வாரம் முழங்காலால் நகர்ந்து க்ளெனிஸின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் நம்பிக்கை. பேருந்திலும் அதற்கு அதே பெயர்தான்.

ஏழாவது வாரம், ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை, பெரிய மாடு வந்தது. லாரியில் வந்தது, கிரேன் வந்தது, ஊரே வந்தது. க்ளெனிஸ் நாளை மாற்றக் கேட்டிருந்தார். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னதால் குழு தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டது. அறைக்கு நேர் மேலே கூரை. ஜன்னலுக்கு வெளியே நெவில், கையில் ஒலிபெருக்கி.

"மாடு எடதுபக்கம்! மாடு எடதுபக்கம்! எலே, வாலப் பாத்து! மாடு மேல வருது! மாட்ட எறக்காத, மாட்டத் தூக்கு!"

உள்ளே மார்லி தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பழுப்பு நிறப் பிளாஸ்டிக்கை எடுத்தாள். மெதுவாக, இரண்டு விரலால், கூரையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு கண்ணாடி இழையில் செய்த ஒரு பெரிய பின்பக்கம் மேலே போயிற்று. க்ளெனிஸ் அதைப் பார்த்துக்கொண்டே, பத்து வருடம் கட்டிவைத்திருந்த வாயைத் திறந்தார்.

"மாடு கூரைமேல ஏறிருச்சு."

மார்லியின் கை நின்றது.

"அது மாடு இல்ல," என்றாள். அழவில்லை, கத்தவில்லை. "மாடெல்லாம் செத்துப்போச்சு."

முழங்காலை விலக்கினாள். எழுந்தாள். இன்னும் இருபத்திரண்டு நிமிடம் மீதியிருந்தது. அவள் முதுகுப் பையின் வாரை வெடுக்கென்று இழுத்த வேகத்தில் ஜிப் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை தரையில் விழுந்தது. க்ளெனிஸ் குனிவதற்குள் மார்லி அதைப் பறித்துத் திணித்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள்.

ஆனால் க்ளெனிஸ் பார்த்துவிட்டார். பத்தொன்பது வருடம் கண்ணாடியில் பார்த்த கண். அந்தக் காலுறை ஆறு வயதுக் காலுக்கு உரியதல்ல. பதினோராம் எண் பூட்ஸ் போடுகிற காலுக்கு உரியது.

அன்று மாலை வீட்டில் டெஸ் "மழை வரும்போல" என்றார். க்ளெனிஸ் ஒன்றும் சொல்லவில்லை. "டீ ஆறிப்போச்சு" என்றார். அதற்கும் ஒன்றும் இல்லை. டெஸ் பயந்துபோனார்.

"ஒடம்புக்கு என்ன?"

"நான் தப்புப் பண்ணிட்டேன், டெஸ். ஒரு புள்ள என்னை நம்பி ஒண்ணக் காட்டுச்சு. நான் வேறெங்கயோ பாத்துக்கிட்டு அதுக்குப் பேரு வச்சுட்டேன்."

டெஸ் தொலைக்காட்சியை அணைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நீ தப்புப் பண்ணிட்டதா நெனைக்கிற," என்றார், கவனமாக. "அது ஒனக்கு ரொம்பப் பாரமா இருக்கு."

க்ளெனிஸ் அவரைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்தாரா அழுதாரா என்று டெஸுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாயும் சாட்சி சொல்லவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் டேனின் பிக்கப் வண்டிக் கதவைத் திறந்து க்ளெனிஸ் ஏறி உட்கார்ந்தார். பெரியவர்களிடம் கேள்வி கேட்க அவருடைய தொழிலில் தடை இல்லை.

"வெள்ளத்தன்னைக்கு நீ எங்க இருந்த, டேன்?"

டேன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "பால்கொட்டகைக் கூரைமேல. மாட்ட அவுத்துவிடப் போனேன், தண்ணி ஏறவும் மேல ஏறினேன், ஏணிய ஆறு இழுத்துட்டுப் போயிருச்சு. பதினாலு மணிநேரம். எதிர்க்கரைலேருந்து படகு வந்து எடுத்தாங்க."

"மார்லி?"

"மேட்டு வீட்டுல, பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்ட. அவளுக்குத் தெரியாது. அப்பா ஒரு வீட்டுல டீ குடிச்சிட்டு இருக்காருன்னுதான் சொல்லிவச்சாங்க. அந்த வீட்டம்மா வெவரமானவங்க, ஆத்துப் பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் திரையும் இழுத்துவிட்டுட்டாங்க."

"கூரைமேல கால்ல என்ன போட்டிருந்த?"

"ஒண்ணுமில்ல. பூட்ஸு தண்ணில போயிருச்சு. எதுக்குக் கேக்குற?"

"அவ பையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தொட விடமாட்டா."

க்ளெனிஸ் காலுறையைப் பற்றிச் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. டேன் வெகுநேரம் பள்ளிக்கூடத்தின் மூன்றாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு சின்ன முகம் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திரை," என்றான் கடைசியில். "திரைக்கு நடுவுல ஒரு சந்து இருந்தாப் போதும்ல."

"போதும்."

"ஊரே கூரைமேல மாடு, கூரைமேல மாடுன்னு சிரிக்குது. நானும்ல சேந்து சிரிச்சேன், க்ளெனிஸ். அவ முன்னாடியே. அந்தக் கேக்க அவ பொறந்தநாளுக்கு வாங்கினேன்."

க்ளெனிஸ் அவன் தோளில் கைவைத்தார். பிறகு, பத்தொன்பது வருடம் கைப்பிரேக் போட்ட குரலில், வேலையைச் சொன்னார். அடுத்த வாரம் அவள் கூப்பிட்டால் நீ உள்ளே வரலாம். கூப்பிடாவிட்டால் பெஞ்சு. வந்தால் மூன்று விதி: கேள்வி கேட்கக் கூடாது, பாராட்டக் கூடாது, அவள் சொல்லாத பெயரை எதற்கும் சொல்லக் கூடாது.

"அப்ப நான் என்ன பண்றது?"

"அவ சொல்றதச் செய். அங்க இரு."

"வீட்டுல ஜோடி என்னை வச்சிருக்கிற மாதிரியே சொல்ற," என்றான் டேன்.

வியாழக்கிழமை மார்லி வந்தாள். திரையை ஒதுக்கினாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு மணலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். க்ளெனிஸும் தரையில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது முழங்கால் அதைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லிற்று.

"போன வாரம் நான் அதுக்குப் பேரு வச்சுட்டேன்," என்றார். "அது ஒன்னோடது. பேரு வைக்கிறதும் ஒன்னோடது. நான் பண்ணினது தப்பு."

வெளியே பந்து உருண்டு பந்தோடு முட்டும் சத்தம்.

"அதில்ல," என்றாள் மார்லி. "நீ பாக்கவே இல்ல. நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்த."

க்ளெனிஸுக்கு இதற்கு ஒரு தொழில்முறைப் பதில் தெரியும். அதைச் சொல்லவில்லை.

"ஆமா," என்றார். "நான் பாக்கல."

மார்லி அதை எடைபோட்டாள். அந்த வயதில் அவர்கள் வைத்திருக்கும் தராசு மிகவும் துல்லியமானது. பிறகு எழுந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, வெளியே பார்த்துக் கையை வீசினாள். "அப்பா! உள்ள வா!"

டேன் வந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான், கழற்றினான். மார்லி மேசையைக் காட்டினாள்.

"மேல ஏறு."

க்ளெனிஸ் வாயைத் திறந்தார். மேசை ஏறுவதற்கில்லை, அது இந்த அறையின் சட்டம், ஒரு பிள்ளையும் மீறியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கான அந்தச் சட்டத்தைத் தொண்ணூற்றாறு கிலோ பால்பண்ணைக்காரனிடம் எப்படிச் சொல்வது என்று அவர் படித்த புத்தகம் எதிலும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். டேன் ஏறினான். மேசை முனகியது. முனகல் க்ளப் முழுவதும் கேட்டிருக்க வேண்டும். கதவு திறந்து நெவிலின் தலை வந்தது.

"க்ளெனிஸ்! அது க்ளப் சொத்து!"

"சரக்குச் சரிபார்ப்பு நடக்குது, நெவில்."

நெவில் மேசைமேல் குந்தியிருந்த சரக்கைப் பார்த்தார். விதிப்புத்தகம் முழுவதையும் மனதில் புரட்டினார். "சரி, குறிச்சுக்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மார்லி தோளிலிருந்து பையைக் கழற்றினாள். அதைத் தரையில் வைத்து, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு துணி உலர்த்தும் கயிறு. ஒரு டார்ச்சு. காகிதத்தில் சுற்றிய ரொட்டி, எந்த மாதத்து ரொட்டியோ. காலுறை.

சுவரோரம் கிடந்த துணிக்கூடைக்குள் ஏறி உட்கார்ந்து, கையைத் துடுப்புபோல வைத்துத் தரையைத் தள்ளித் தள்ளி, மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று, அப்பாவின் ஒரு பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். பிறகு இன்னொன்று. எட்டிப் பிடித்து வலது காலில் காலுறையை மாட்டினாள், குதிகால் பக்கம் முன்னே வந்தது. இடது காலிலும் மாட்டினாள்.

டேன் மூன்று விதியையும் நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கேள்வி இல்லை. பாராட்டு இல்லை. பெயர் இல்லை. ஆனால் நாலாவதாக ஒன்று இருந்தது, அதை யாரும் தடுக்கவில்லை.

"கால் ரொம்பக் குளுந்துச்சு," என்றான்.

"தெரியும்," என்றாள் மார்லி. "பாத்தேன்."

ரொட்டியைக் கொடுத்தாள். அவன் அதைத் தின்றான். அது என்ன நிறத்தில் இருந்தது என்பதை க்ளெனிஸ் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மார்லி இழுத்தாள்.

"இப்ப எறங்கு."

இறங்கினான். அவள் அவன் வயிற்றில் முகத்தைப் பதித்து, மூன்று எண்ணும் நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மறுபடி ஏறு."

அன்று அவன் பதினொரு முறை ஏறி இறங்கினான். க்ளெனிஸ் மூலையில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு முறையும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "அப்பா மேல இருக்காரு," என்றார். மார்லியே பெயர் வைத்துவிட்டதால் அது செல்லும். "நீ வந்துட்ட. அப்பா கீழ வந்துட்டாரு."

பதினோராவது முறை மேசையின் ஒரு கால் விட்டுக்கொடுத்தது. க்ளப் குறிப்பேட்டில் அது தேய்மானம் என்று பதிவாகியிருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஆறு முறை, நாற்காலியில். அதற்கடுத்த வாரம் இரண்டு. பள்ளிக்கூட வாசலிலிருந்து வண்டி டீசல் போடப் போய்வந்தது. மார்லி இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, எட்டு முறை ஜன்னலைப் பார்த்தாள் என்று டீச்சர் கணக்குச் சொன்னார். பிறகு ஒரு காலைப்பொழுது. பிறகு ஒருநாள் அவள் வண்டியிலிருந்து இறங்கும்போது, "நீ போயி வேலியக் கட்டு, சும்மா உக்காந்திருக்காத," என்று சொன்னாள். டேன் இதை இறைச்சிக்கடையில் மூன்று பேரிடம், ஒவ்வொருவரிடமும் முதல் முறை சொல்வது போல, சொன்னான். எல்லாம் நேராகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒருநாள் இடி இடித்து, அவன் மறுபடி நாள் முழுக்க வாசலில் உட்கார வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசி வியாழன். முந்தின நாள்தான் நாற்பது மாடும் வந்து இறங்கியிருந்தன. மார்லியைக் க்ளப்பில் விட்டுவிட்டு டேன் பெஞ்சுப் பக்கம் போகவில்லை, கறவைக்கு நேரமாயிற்று என்று வண்டியைத் திருப்பினான். மார்லி ஜன்னலருகே நின்று வண்டி வளைவில் மறையும் வரை பார்த்தாள். பிறகு எட்டித் திரையைப் பிடித்து, இழுத்து மூடினாள்.

க்ளெனிஸ் மூச்சு விடவில்லை. "அதை மூடிட்ட," என்றார்.

"வெயில் கண்ணக் கூசுது," என்றாள் மார்லி.

பச்சைப் பை கதவோரம் ஆணியில் தொங்கிற்று. மணலில் இன்றைக்குத் தண்ணீர் இல்லை. வேலிக்கட்டைகளை வட்டமாக ஊன்றினாள். மூன்றாம் தட்டிலிருந்து அந்தப் பழுப்பை எடுத்து, வேலிக்குள், மணலில், நாலு காலும் அழுந்த நிறுத்தினாள்.

"அது கீழ வந்துருச்சு," என்றார் க்ளெனிஸ். "அது வேலிக்குள்ள நிக்குது."

மார்லி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். மூன்று மாதமாக அடக்கிவைத்திருந்த ஒரு பரிதாபம் அந்தப் பார்வையில் இருந்தது.

"க்ளெனிஸ். அது மாடு. ஒனக்கு மாடுன்னா என்னன்னே தெரியாதா?"

"அது மாடு," என்றார் க்ளெனிஸ். குரல் கொஞ்சம் பிசிறிற்று.

"ம்." மார்லி யோசித்தாள். எழுந்து போய்த் திரையை ஒரு சாண் விலக்கி, கழுத்தை வளைத்து, கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஊரின் பெருமையை அண்ணாந்து பார்த்தாள். செய்தவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ, செலவு போதவில்லையோ, அதன் முகம் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் அமைந்திருந்தது. ஊரில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அது மாடு இல்ல," என்றாள் மார்லி. "அது நாய்."

பயிற்சிப் புத்தகத்தின்படி அந்த அறையில் வைத்தியர் சிரிக்கக் கூடாது. க்ளெனிஸ் பாஸ்கோ சிரித்தார். கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடும் அளவுக்குச் சிரித்தார். மார்லி அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, மீதியிருக்கும் மாடுகளைத் தேடி மூன்றாம் தட்டுக்குப் போனாள்.